வக்ஃபின் முதல் பங்கு யாருக்கு?

 

 இந்த வாரம் நான் பேசப்போவது மண்ணைப் பற்றி. ஜும்ஆ பயானில் மண் எதற்கு என்று யாராவது நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள்.

போன மாதம் ஒருநாள் அஸருக்குப் பிறகு ஜமாஅத் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். நம் பள்ளிக்கு ஒன்பது மா நஞ்சை வக்ஃபாக இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் மூன்று. நம் ஊரில் பிறந்து, பினாங்கில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது. அந்த நிலத்தின் மேல்மண்ணை மூன்றடி ஆழத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், செங்கல் சூளைக்கு வேண்டும், ஜேசிபி, டிராக்டர் எல்லாம் என் செலவு, பணம் ரொக்கமாகத் தருகிறேன் என்றார். எல்லாரும் யோசிப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “நெலம் உங்ககிட்டயேதான் இருக்கப் போவுது. மண்ணு மட்டும்தான் எடுக்குறேன்.”

அலுவலகத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹவுள் ஒழுகுகிறது. மாடியில் டைல்ஸ் போடாமல் கிடக்கிறது. முஅத்தினுக்கும் எனக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. நிலத்தின் குத்தகையோ வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது, விளைச்சல் இல்லை என்கிறார் குத்தகைக்காரர். இந்த நிலையில் ரொக்கம் கண் முன்னால் வந்து நிற்கிறது. ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஹஜ்ரத், மார்க்கத்துல இதுக்கு எடம் இருக்கா?”

பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அல்லாஹ்வின் வீட்டில் நின்றுகொண்டு மறைக்கக் கூடாது, அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது மகளுடைய பள்ளிக்கூடக் கட்டணம்தான். மஸ்அலா இரண்டாவதாகத்தான் வந்தது.

வக்ஃபு வாரியத்தின் அனுமதி, மண் எடுக்க அரசாங்கத்தின் அனுமதி என்ற கேள்விகள் தனியாக இருக்கின்றன. அவற்றை நிர்வாகம் பார்க்கட்டும். நான் பேச வந்தது அதற்கும் முந்திய கேள்வி. ஒரு பொருளிலிருந்து வருகிற பலனை உண்பதற்கும், அந்தப் பொருளையே உண்டுவிடுவதற்கும் உள்ள கோடு எங்கே இருக்கிறது? அந்தக் கோட்டைத் தாண்டிக் கிடைக்கிற காசு, ரசீது போட்டு, சாட்சி வைத்து வாங்கியதாகவே இருந்தாலும், நமக்குச் சொந்தமா?

வக்ஃபின் மூலம் எது என்று பாருங்கள். கைபரில் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட விருப்பமான சொத்து அவர்களிடம் இருந்ததில்லை. நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இதை என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். நாயகம் அவர்கள் சொன்ன வழியின் கருத்து இதுதான்: நீர் விரும்பினால் அசலை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் விளைச்சலை தர்மமாக்கிவிடும். அப்படியே செய்தார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்கும் போகக் கூடாது. ஏழைகளுக்கும் உறவினருக்கும் அடிமைகளை விடுவிப்பதற்கும் வழிப்போக்கருக்கும் விருந்தாளிக்கும் அதன் பலன். அதைப் பராமரிக்கிறவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், சொத்துச் சேர்க்கக் கூடாது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஹதீஸ் இது. என்னைப் போன்றவர்கள் வக்ஃபிலிருந்து சம்பளம் வாங்குவதற்கு ஆதாரமும் இதிலேயே இருக்கிறது, எல்லையும் இதிலேயே இருக்கிறது.

அசல், பலன். இந்த இரண்டு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் வெட்கப்படுகிற இடத்துக்கு வருகிறேன். அரபுக் கல்லூரியில் ஹிதாயா ஓதாமல் யாரும் ஸனது வாங்கி வெளியே வர முடியாது. ஃபர்கானாவைச் சேர்ந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களுடைய கிதாபு. ஹிஜ்ரி 593இல் வஃபாத்தானார்கள். அதில் வக்ஃபுப் பாடத்தில் ஒரு சட்டம் வரும். வக்ஃபு நிலத்திலிருந்து வருமானம் வந்தால், அதை முதலில் அந்த வக்ஃபைச் செப்பனிடுவதற்கே செலவழிக்க வேண்டும். எழுதிவைத்தவர் அப்படி ஷரத்துப் போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி. காரணத்தையும் சொல்கிறார்கள்: பலன் என்றென்றைக்கும் போய்ச்சேர வேண்டும் என்பது எழுதிவைத்தவரின் நோக்கம், அசல் பழுதானால் அது நடக்காது, ஆகவே அவர் வாயால் சொல்லாவிட்டாலும் அந்த ஷரத்து உள்ளே இருக்கிறது.

நான் இதை ஓதியிருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் மாணவர்களுக்குப் பாடமாகவும் நடத்தியிருக்கிறேன். நடத்தும்போது என் கண் முன்னால் இருந்தது இடிந்த சுவரும், ஓடு பெயர்ந்த கூரையும்தான். நிலத்துக்கும் செப்பனிடுதல் உண்டு என்று தோன்றவே இல்லை. அன்று இரவு பள்ளியின் வரவு செலவு நோட்டுகளை வாங்கி, இருக்கிற வருடங்களையெல்லாம் புரட்டினேன். குத்தகை வரவு வருடம் தவறாமல் இருக்கிறது. செலவுப் பக்கத்தில் இமாம் சம்பளம், மின்சாரம், பெருநாள் பந்தல், பாய், மைக் செட் எல்லாம் இருக்கிறது. அந்த நிலத்துக்கென்று ஒரு வண்டி எரு வாங்கியதாக ஒரு வரிகூட இல்லை. முதல் பங்கு யாருக்குச் சேர வேண்டுமோ, அதற்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. மிச்சப் பங்குகளை நாங்கள் எல்லாரும் ஒழுங்காக வாங்கிக்கொண்டோம்.

வியாபாரிகள் நிறையப் பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு முளாரபா சட்டம் தெரியும். ஒருவர் முதல் போடுகிறார், இன்னொருவர் உழைக்கிறார். போட்ட முதல் முழுசாகக் கைக்கு வராத வரைக்கும் லாபம் என்ற பேச்சே கிடையாது. இடையில் பங்கு போட்டுக்கொண்டிருந்தாலும், முதலில் ஓட்டை விழுந்தால், வாங்கியதைத் திருப்பி வைத்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். கல்லாவில் இருக்கிற பணத்தையெல்லாம் லாபம் என்று நினைத்துச் செலவு செய்கிற பையனிடம் கடையை விட்டுவிட்டு உம்ராவுக்குப் போவீர்களா? மண்ணை விற்றால் அந்தப் பணத்தை நாம் எந்தப் பக்கத்தில் எழுதுவோம்? வரவுப் பக்கத்தில். மூன்றடி மண் போனதை எழுத அந்த நோட்டில் ஒரு பக்கமே இல்லை. தேசங்களின் கணக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். காட்டை வெட்டி மரத்தை விற்றால் உற்பத்தி கூடியதாகக் காட்டுகிறார்கள். காடு போனதைக் கழிப்பதில்லை.

இதைப் பற்றி இப்போது உலகத்தில் நிறையப் பேசுகிறார்கள். ‘ரீஜெனரேட்டிவ்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. இருப்பதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும் போதாது, எடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்து, உயிருள்ளது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள வழி விட வேண்டும் என்பது அதன் சாரம். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் பொருளாதார அறிஞர் கேட் ராவொர்த் 2017இல் ‘டோனட் எகனாமிக்ஸ்’ என்று எழுதிய நூலில், பொருளாதாரம் பங்கிட்டுக் கொடுப்பதாகவும் புதுப்பிப்பதாகவும் அமைக்கப்பட வேண்டும் என்கிறார். அதற்கும் வெகுகாலம் முன்பே, நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, தேங்கியிருக்கும் சேமிப்பை எடுத்துத் தீர்க்கும் பொருளாதாரம் ஒன்று, ஓடிக்கொண்டே இருக்கும் வரவில் வாழும் பொருளாதாரம் இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார். நிலக்கரியும் பெட்ரோலும் முதல் வகை, காட்டு மரமும் விளைச்சலும் இரண்டாவது. அவர் கிறிஸ்தவர், காந்தியடிகளோடு சேர்ந்து பணியாற்றியவர். நல்ல அறிவு எந்த வாயிலிருந்து வந்தாலும் நமக்கு அந்நியம் இல்லை. ஆனால் இவர்கள் பேசுகிற பேச்சுக்கு நம் கிதாபுகளில் சட்டமே இருக்கிறது என்பதும், நாம் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது.

உமர் (ரலி) அவர்களிடமே திரும்பி வருவோம். கைபர் நிலம் பங்கு வைக்கப்பட்டது. அதில் கிடைத்ததைத்தான் அவர்கள் வக்ஃபு செய்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவர்களே கலீஃபா. இராக் வெற்றி கொள்ளப்படுகிறது. அங்கே தஜ்லா, ஃபுராத் நதிகளுக்கு நடுவே இருந்த நிலத்துக்கு ஸவாத் என்று பெயர், கருமை என்று அர்த்தம். பாலைவனத்திலிருந்து வந்த அரபிகளுக்கு, தூரத்தில் அந்தப் பசுமை கறுப்பாகத் தெரிந்ததாம். வெற்றி கண்ட படைவீரர்கள், கைபரைப் பங்கு வைத்தது போல இதையும் எங்களுக்குப் பங்கு வையுங்கள் என்றார்கள். கேட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, பிலால் (ரலி) அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். கேட்டதில் தவறும் இல்லை. ஆதாரம் அவர்கள் பக்கம் இருந்தது.

உமர் (ரலி) அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஷாம் தேசத்து நிலங்கள் விஷயத்தில் முஆத் (ரலி) அவர்கள் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள்: இன்றைக்குப் பிரித்துக் கொடுத்தால் பெரிய பெரிய வருமானம் சிலருடைய கைக்குப் போகும், அவர்கள் இறந்துபோவார்கள், கடைசியில் எல்லாம் ஒரே ஓர் ஆணுடைய கையிலோ பெண்ணுடைய கையிலோ போய் நிற்கும், பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது என்று. ஸவாத் விஷயத்தில் நாள் கணக்கில் ஆலோசனை நடந்தது. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் கிதாபுல் கராஜில் இதை விரிவாகச் சொல்கிறார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு முடிவான ஆதாரம் சூரா ஹஷ்ரில் கிடைத்தது. முஹாஜிர்களைச் சொல்லி, அன்ஸாரிகளைச் சொல்லி, அதற்கு அடுத்து இவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களையும் அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான். பிறக்காதவர்களுக்கும் பங்கு இருக்கிறது! நிலம் உழுதவர்களுடைய கையிலேயே விடப்பட்டது. கராஜ் வரி விதிக்கப்பட்டது. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி, எந்த நிலம் என்ன தாங்கும் என்று அளக்கச் சொன்னார்கள். தாங்க முடியாத பாரத்தை நிலத்தின் மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று பிறகு விசாரிக்கவும் செய்தார்கள்.

சரி, அந்த ஸவாத் பிறகு என்ன ஆனது?

நான் இதைப் படித்தபோது நிறைய நேரம் கிதாபை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மண்ணின் குணம் இப்படி: ஆற்று நீரில் கொஞ்சம் உப்பு இருக்கும். நீர் பாய்ந்து, வெயிலில் ஆவியாகப் போனால் உப்பு மட்டும் தங்கிவிடும். அடியில் நிலத்தடி நீர் மேலே ஏற ஏற உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். அந்த ஊர் விவசாயிகளுக்கு இதற்குப் பழைய மருந்து ஒன்று தெரிந்திருந்தது. ஒரு போகம் விளைந்த நிலத்தை அடுத்த வருடம் சும்மா விட்டுவிடுவது. சும்மா கிடக்கும் நிலத்தில் ஆழ வேர் விடும் முட்செடிகள் தானாக முளைக்கும். அவை அடியில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் காய வைக்கும், நீர்மட்டம் கீழே இறங்கும், உப்பு மேலே வராது. நம் கண்ணுக்குக் களை, அந்த நிலத்துக்கு அது சிகிச்சை. 1958இல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினார்கள். அதிக வருமானம் வேண்டும் என்று நிலத்துக்கு ஓய்வு கொடுக்காமல், வாய்க்கால் நீரை மேலும் மேலும் பாய்ச்சினால் என்ன ஆகும்? ஆரம்பத்தில் வருமானம் கூடும். அப்புறம் நிலம் வெளுக்கும்.

அப்பாஸிய ஆட்சிக் காலத்தில் பஸராவைச் சுற்றிய சதுப்பு நிலங்களில், மேலே படிந்த உப்புத் தோலைச் சுரண்டி எடுத்து நிலத்தைத் திறப்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளைக் கூட்டம் கூட்டமாக வேலை வாங்கினார்கள். மண்ணைக் கசக்கியவர்கள் மனிதனையும் கசக்கினார்கள். ஹிஜ்ரி 255இல், அதாவது 869இல், அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பதினான்கு வருடம் அந்தப் போர் நடந்தது, பஸரா சூறையாடப்பட்டது. பிறகு 937இல் பக்தாதைப் பிடிக்க ஒரு தளபதி படையோடு வருகிறார் என்று, அவரைத் தடுக்க இன்னொரு தளபதியான இப்னு ராயிக் நஹ்ரவான் கால்வாயை உடைத்துவிட்டார். அந்தக் கால்வாயை நம்பித்தான் பக்தாதின் கிழக்குப் புறத்து விவசாயம் இருந்தது. எதிரி நிற்கவும் இல்லை, பக்தாதுக்குள் வந்துவிட்டான். உடைத்தவனும் முஸ்லிம், உடைக்கக் காரணமானவனும் முஸ்லிம். உமர் (ரலி) அவர்கள் நமக்கென்று நிறுத்தி வைத்த அசல் அது.

எங்கேயோ இராக்கில் நடந்தது என்று நினைக்காதீர்கள். நம் ஒன்பது மா நிலத்தின் மண் காவிரி சுமந்து வந்து போட்டது. நம் பாட்டன்மார் காலத்தில் வெள்ளம் வடிந்தால் வயலில் புது வண்டல் படிந்திருக்கும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கு அது பெரிய நிஃமத்து, மறுக்கவில்லை. ஆனால் வண்டலில் பெரும் பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சூளைக்குப் போகிற அந்த மூன்றடியைத் திரும்பக் கொண்டுவந்து போட ஆறு வராது.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து, ஹஜ்ரத், இதெல்லாம் வயிறு நிறைந்தவன் பேசுகிற பேச்சு என்று சொல்லலாம். சொல்ல நியாயம் இருக்கிறது. நம் மஹல்லாவுக்குப் பக்கத்திலேயே போன வருடம் ஒருவர் தன் சொந்த நிலத்து மண்ணை விற்றார். பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கைக்கூலிக்காக விற்றார். அதற்கு முன்பே நகைக்கடன் இருந்தது, நகை ஏலத்துக்குப் போகிற நாள் நெருங்கியிருந்தது. அவரிடம் போய் நான் அசல், பலன் என்று பாடம் நடத்தினால் அது மார்க்கமா? மண்ணைத் தின்ன அவருக்கு ஆசையா என்ன?

அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்று யோசித்தால், தேதிதான். வட்டிக்கு ஒரு தேதி உண்டு. நெல்லுக்கும் ஒரு தேதி உண்டு, அது அல்லாஹ் வைத்தது. மழை தவறினால் நெல் காத்திருக்கும். வட்டி காத்திருக்காது, தூங்கும்போதும் வளரும். உயிருள்ள எதுவும் அப்படி வளர்வதில்லை. குழந்தை வளர்கிறது, ஓர் அளவோடு நிற்கிறது. மரம் வளர்கிறது, இலை உதிர்க்கிறது, ஓய்வெடுக்கிறது. நிற்காமல் வளர்வது உடம்பில் ஒன்று உண்டு, அதற்குப் பெயர் புற்று. வளர்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பசித்தவன் வீட்டில் வளர்ச்சி வேண்டும். ஆனால் நிலத்தால் தர முடியாத வேகத்தில் பணம் வளர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால், அந்த இடைவெளியை எதிலிருந்து அடைப்பது? அசலிலிருந்துதான். ரிபா ஹராம் என்பதை நாம் பணத்துக்குப் பணம் என்ற கணக்காக மட்டும் படிக்கிறோம். நிலம், நீர், உழைப்பவன் உடம்பு எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் செய்த ஏற்பாடுகளைப் பாருங்கள். மதீனத்து மக்கள் பழங்களுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்பாகவே பணம் கொடுத்து வாங்குகிற வழக்கத்தில் இருந்தார்கள். விவசாயிக்குச் சாகுபடிச் செலவுக்குப் பணம் வேண்டுமே! அந்த ஸலம் வியாபாரத்தை நாயகம் தடுக்கவில்லை. அளவு, எடை, தவணை மூன்றும் தெளிவாக இருக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். ஆனால் குறிப்பிட்ட மரத்துக் கனியை, அது தேறுமா தேறாதா என்று தெரிவதற்கு முன் விற்பதைத் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தப் பழத்தைத் தடுத்துவிட்டால், எதைக் காட்டி உங்கள் சகோதரனுடைய பணத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்வியின் கருத்து. பயிரில் இயற்கைச் சேதம் வந்தால் விலையைத் தள்ளிக்கொடுக்கச் சொன்னார்கள். கடன்காரன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி சூரா பகராவில் அல்லாஹ்வே சொல்கிறான். கைபரில் நிலத்தை உழுத யூதர்களோடு நாயகம் செய்துகொண்ட ஏற்பாடும் விளைந்ததில் பாதி என்றுதான் இருந்தது. விளையாவிட்டால் இருவருக்கும் இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இந்தப் பங்கு விவசாயத்தைக் கூடாது என்றார்கள், அவர்களுடைய இரண்டு மாணவர்கள் கூடும் என்றார்கள், ஃபத்வா மாணவர்கள் சொன்னதன் மேல் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கஜா புயல் அடித்த 2018இல் நம் பள்ளி அந்தக் குத்தகைக்காரரிடம் முழுக் குத்தகையும் வாங்கியது. நோட்டில் இருக்கிறது. அப்போது இமாமாக இருந்ததும் நான்தான். அவர் எருவுக்கு வைத்திருந்த பணம் நமக்கு வந்தது என்று இப்போது புரிகிறது. நிலம் இளைத்ததற்கு அவரைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தோம்.

கெட்டது கெட்டதுதான், இனி என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாஸோ என்று ஒரு நாடு. அங்கே யக்கூபா ஸவதோகோ என்று ஒரு விவசாயி, நம்மைப் போல ஒரு முஸ்லிம். 1980 வாக்கில் அந்தப் பகுதியைக் கடும் வறட்சி பிடித்து, மண் இறுகி, மழை பெய்தாலும் உள்ளே இறங்காமல் ஓடிப்போகிற நிலை. ஜனங்கள் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, சந்தையில் கடை வைத்திருந்த இவர் நிலத்துக்குத் திரும்பினார். அவர்கள் ஊரில் ‘ஸாய்’ என்று ஒரு பழைய முறை உண்டு. நிலத்தில் சிறு சிறு குழிகள் வெட்டுவது. இவர் குழியைப் பெரிதாக்கினார், கோடையிலேயே வெட்டினார், உள்ளே சாணமும் காய்ந்த குப்பையும் போட்டார். குப்பையைத் தேடிக் கரையான் வந்தது. நாம் கரையானைக் கண்டால் மருந்தடிப்போம். அங்கே அது இறுகிப்போன மண்ணைத் துளை துளையாகக் குடைந்து, தண்ணீர் இறங்க வழி செய்தது. மழை வந்தபோது குழிகளில் நீர் நின்றது, சோளமும் கம்பும் விளைந்தன. சாணத்தோடு வந்த மர விதைகள் தானாக முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டார். ஆரம்பத்தில் பைத்தியம் என்றார்கள், தீயும் வைத்தார்கள். திரும்பவும் நட்டார். நாற்பது ஹெக்டேர் அளவுக்குக் காடு ஆனது. வருடத்துக்கு இரண்டு முறை சுற்று வட்டார விவசாயிகளைக் கூப்பிட்டு விதையையும் முறையையும் பகிர்ந்துகொண்டார். 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். 2023இல் வஃபாத்தானார்.

செத்த பூமியை உயிர்ப்பிக்கிறவனுக்கு அது உரியது என்பது ஹதீஸின் கருத்து. ஃபிக்ஹில் இஹ்யாவுல் மவாத் என்று தனிப் பாடமே இருக்கிறது. அதில் ஆட்சியாளரின் அனுமதி வேண்டுமா, வேண்டாமா என்று இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாணவனாக இருந்தபோது, இந்தக் காலத்தில் யாருக்கு இந்தச் சட்டம் தேவைப்படப்போகிறது என்று நினைத்திருக்கிறேன். யக்கூபாவின் காடு வளர்ந்தபின் பக்கத்து நகரம் விரிந்தது. அவர் உயிர்ப்பித்த நிலத்திலேயே வீட்டு மனைகளுக்குக் கல் நட்டார்கள். எந்த மனிதன் அந்தப் பூமியில் பச்சையைக் கொண்டுவந்தாரோ, அவரே அதைக் காப்பாற்ற அலைய வேண்டியதாயிற்று. பாடம் பழசாகவில்லை.

அலுவலகத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். வக்ஃபு நிலத்தின் மண் அசலில் சேர்ந்தது என்று நான் விளங்குகிறேன். “மண்ணு மட்டும்தான்” என்றாரே, விளைநிலத்தில் மண் போனால் மிச்சம் இருப்பது பட்டாவும் பள்ளமும். அதை விற்பதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. என்னைவிட அறிந்த முஃப்திகள் இருக்கிறார்கள், எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் பள்ளியில் வாசிக்கிறேன். பதில் எனக்கு எதிராக வந்தாலும் வாசிப்பேன். என் பாக்கிச் சம்பளம் நிற்கட்டும். முஅத்தினுடைய பாக்கியை நிறுத்தாதீர்கள், அவருக்கு என்னைவிடக் குறைவு.

வருகிற ஞாயிறு இஷாவுக்குப் பிறகு ஜமாஅத் கூட்டம். அதில் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். குத்தகையை விளைச்சலில் பங்கு என்று மாற்ற முடியுமா என்பது ஒன்று. நோட்டில் செலவுப் பக்கத்தின் முதல் வரியில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, நிலம் என்று எழுதலாமா என்பது இன்னொன்று. குத்தகைக்காரரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இதுவரை அவரை யாரும் கூப்பிட்டதில்லை. நிலத்துக்கு என்ன வேண்டும் என்று நேற்று அவரிடம் கேட்டேன். நான் ஏதோ பெரிய தொகை சொல்லுவார் என்று நினைத்தேன். “ஆட்டுக்கெடை போட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சு ஹஜ்ரத்” என்றார். அறுவடை முடிந்தபின் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள் அல்லவா, ராத்திரி வயலில் பட்டி அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதற்கு அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நாலைந்து ராத்திரி கிடை போட்டு, முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதால் போதும், மிச்சத்தை நிலம் பார்த்துக்கொள்ளும் என்கிறார். ஒரு கீதாரியுடைய போன் நம்பர் அவரிடம் இருக்கிறது. கூலிக்கு என் பங்காக ஒரு ராத்திரிக்கு உள்ளதை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற ராத்திரிகளுக்கு விரும்புகிறவர்கள் தொழுகை முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள். குத்பாவுக்கு நேரமாகிவிட்டது.